பெடலில் இருந்த கால்

பெரிய மிஸ்ஸிடம் ஒரு கறுப்புத் தோல் ஷூ இருந்தது. குதிகால் இல்லாதது, மேலே ஒற்றை வார், பக்கத்தில் சின்னதாக ஒரு பித்தளைக் கொக்கி. அதைப் போட்டுக்கொண்டு அவர் தெருவில் நடந்து நான் பார்த்ததில்லை. துணிப்பையில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுவருவார். பியானோவின் முன் உட்கார்ந்ததும் குனிந்து, செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த ஷூவை நிதானமாக மாட்டிக்கொள்வார். சேலைக் கொசுவத்தை இழுத்துவிட்டால் ஷூ மறைந்துவிடும். பாரிசில் இருந்த அவருடைய அண்ணன் வாங்கி அனுப்பியது. வெறுங்காலோடு பெடலை மிதிப்பதைப் பார்த்தால் தையல் மிஷின் ஓட்டுவது போல இருக்கிறது என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். நான் வெறுங்காலோடுதான் மிதிப்பேன், இன்றைக்கும் அப்படித்தான். பதினெட்டு வருடங்களாக அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முகம் நினைவுக்கு வருவதில்லை. அந்த ஷூதான் வருகிறது.

நாங்கள் இருவரும் புதுச்சேரியில் கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு சிறிய இசைப் பள்ளியில் பியானோ சொல்லிக்கொடுத்தோம். அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது, எனக்கு இருபத்தேழு. பிள்ளைகள் அவரைப் பெரிய மிஸ் என்றும் என்னைச் சின்ன மிஸ் என்றும் கூப்பிட்டார்கள். அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா, அதாவது சிப்பாய். இப்போது வெளியூர்க்காரர்கள் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் மஞ்சள் சுவர் வீடுகளில் ஒன்று அவர்களுடையது. வீட்டில் பியானோ, பிரெஞ்சு, ஞாயிற்றுக்கிழமை கோழி எல்லாம் உண்டு. நான் அரியாங்குப்பம். அப்பா பஞ்சாலையில் தறி ஓட்டியவர். ஆலை மூடியபின் டவுனில் ஒரு துணிக்கடை வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்தவர். மாதா கோயில் பாடகர் குழுவில் ஆர்கன் வாசிக்கப் பழகி, அங்கிருந்து அந்தப் பள்ளிக்குப் படிக்கப் போய், அங்கேயே வேலைக்கும் சேர்ந்தேன். இவ்வளவு வெறுப்போடு எழுதும்போதும் அவரைப் பற்றி ‘அவர்’ என்றுதான் எழுத வருகிறது. பழக்க தோஷம்.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். நான்கு வருடம் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தேன். ஒரே பியானோவில் இரண்டு பேர் நான்கு கைகளால் வாசிக்கும் படைப்புகள் நிறைய இருக்கின்றன. அவற்றை வாசிப்பதற்கு நட்பு தேவையில்லை, ஆனால் உடம்பு பழக வேண்டும். தோள் உரசும், முழங்கை இடிக்கும், பக்கத்தில் இருப்பவர் மூச்சை இழுப்பதை வைத்துத்தான் நாம் தொடங்க வேண்டும். அவர் எப்போது மூச்சு இழுப்பார் என்பது என் விலாவுக்குத் தெரியும். மதியம் தன் டிபன் பாக்சிலிருந்து மீன் வறுவலை என் தட்டில் போட்டு, இளைச்சுப் போயிருக்க, சாப்பிடு என்பார். அவர் போட்டிருக்கும் ஓ தெ கொலோன் வாசனை மாலையில் என் ஜாக்கெட்டின் இடது கையில் ஒட்டியிருக்கும். இன்றைக்கு அந்த வாசனை பஸ்ஸில் யார் மேலாவது வந்தால் நான் இடம் மாறி உட்கார்ந்துவிடுகிறேன்.

இனி பெடலைப் பற்றிச் சொல்ல வேண்டும், அது தெரியாவிட்டால் என் கோபம் யாருக்கும் புரியாது. பியானோவின் அடியில் வலது பக்கத்தில் ஒரு பெடல் இருக்கிறது. அதை மிதித்தால் கையை எடுத்தபிறகும் ஒலி நிற்காமல் நீளும். அது அழகு. ஆனால் சுரக்கூட்டம் மாறும்போதெல்லாம் காலை எடுத்து மறுபடி மிதிக்க வேண்டும். எடுக்காவிட்டால் பழைய ஒலியும் புதிய ஒலியும் ஒன்றாகக் குழம்பிச் சேறாகிவிடும். நான்கு கைகளால் வாசிக்கும்போது பெடல் ஒன்றுதான். அது எப்போதும் இடது பக்கம், கீழ் சுரங்களில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொந்தம். வலது பக்கம் மேலே வாசிப்பவர் காலை மடக்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். மேலே வாசிப்பவர் கையில் மெட்டு இருக்கிறது, அது சுத்தமாகக் கேட்பதும் கேட்காததும் பக்கத்தில் இருப்பவர் காலில் இருக்கிறது. கேட்பவர்களுக்கு இது தெரியாது. சேறாகக் கேட்டால் மேலே வாசிக்கிறவளைத்தான் திட்டுவார்கள்.

அந்த வருடம் பிரான்சிலிருந்து ஒரு இசைக் கல்லூரியின் ஆசிரியர்கள் மூன்று பேர் வந்தார்கள். எங்கள் இருவரில் ஒருவருக்கு அங்கே ஒரு வருடம் தங்கிப் படிக்க இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். காலையில் தனித்தனியாக வாசித்துக் காட்டினோம். மாலையில் ஊர்க்காரர்கள் முன்னால் சேர்ந்து வாசிக்க வேண்டும். காலை வாசிப்பு முடிந்ததும், பள்ளியை நடத்தியவர் வந்தார். அவரும் தமிழர்தான், எல்லோரும் முசியே என்று கூப்பிடுவோம். காப்பியை உறிஞ்சிக்கொண்டே, சின்ன மிஸ் பெட்டி கட்ட ஆரம்பிக்கலாம் போலிருக்கு என்று எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டே சிரித்தார். பெரிய மிஸ்ஸும் சிரித்தார். அம்மாவைப் பார்த்துக்கொள்ளவேண்டி இருபது வயதில் பாரிஸ் போகாமல் நின்றவர் அவர். அம்மா அதற்கு முந்தைய வருடம்தான் இறந்திருந்தார். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்ததால் அவர்மேல் பரிதாபம்கூட வந்தது. நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மாலையில் அரங்கு நிறைந்திருந்தது. அப்பா கடைசி வரிசையில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். வாட்ச்மேன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். எங்கள் தெருவில் பாதிப் பேரிடம் பெண் பிரான்ஸ் போகப்போகிறாள் என்று சொல்லியிருந்தார். நாங்கள் எடுத்துக்கொண்ட படைப்பின் இரண்டாம் பகுதியில் ஓர் இடம் வரும். என் வலது கை பொடிப்பொடியான சுரங்களில் வேகமாக ஓட வேண்டும். தாளத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் நாங்கள் பார் என்போம். பாருக்குப் பார் சுரக்கூட்டம் மாறும், பாருக்குப் பார் பெரிய மிஸ் காலை எடுத்து வைக்க வேண்டும். மூன்று மாதப் பயிற்சியில் ஒருமுறைகூட அவர் தவறியதில்லை. இசைத்தாளில் ஒவ்வொரு இடத்திலும் தன் கையால் சிவப்புப் பென்சிலில் அம்புக்குறி போட்டு வைத்திருந்தார்.

அன்றைக்கு அவர் காலை எடுக்கவில்லை. முதல் பாரில் கால் தாமதமாகிறது என்று நினைத்தேன். இரண்டாவதில் ஒலி கலங்கியது. மூன்றாவதில் நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் இசைத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் ஒன்றுமில்லை, கீழ் சுரங்களை வழக்கத்தைவிட ஒரு பங்கு அழுத்தி வாசித்தார். போட்டு முடித்த கோலத்தின்மேல் வாளித் தண்ணீரைக் கொட்டியது போல என் கண்ணெதிரே எல்லாம் கரைந்தது. என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. கேட்கவேண்டுமென்று இன்னும் அழுத்தி வாசித்தேன், அழுத்த அழுத்தச் சேறு அதிகமானது, விரல் தடுமாறி இரண்டு சுரங்கள் தப்பின. ஒன்பது பார். பத்தாவதில் அவர் கால் மேலே வந்தது, மறுபடி மிதித்தது, அதன்பிறகு கடைசிவரை அச்சுப்பிசகாமல் நடந்தது. மறந்துபோனவருக்குச் சரியாகப் பத்தாவது பாரில், எனக்கு ஓட்டம் முடியும் இடத்தில், எப்படி நினைவு வந்தது? இதைத்தான் பதினெட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மேடைக்குப் பின்னால் பெரிய மிஸ் என் தோளில் கை போட்டு, “விடும்மா, எல்லாருக்கும் ஒரு நாள் இப்படி ஆவும்,” என்றார். அந்த ஆறுதலை நான் இன்னும் மன்னிக்கவில்லை. காலால் செய்ததைக்கூட ஒரு வெறி என்று விட்டுவிடலாம். ஆறுதல் சொன்னது யோசித்துச் செய்தது. முசியேவிடம் போய்ச் சொன்னேன். அவர் என் முகத்தைக்கூட நேராகப் பார்க்கவில்லை. அவங்க காலை நீ எங்க பாத்த, சேலை மறைச்சிருக்குமே, தோத்துட்டா இப்படியெல்லாம் பேசக்கூடாது என்றார். அரியாங்குப்பம் பஸ்ஸில் ஆற்றுப் பாலம் தாண்டியபிறகு அப்பா, “தப்பா வாசிச்சிட்டியாம்மா?” என்று கேட்டார். பெடலைப் பற்றிச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. “பியானோ கையால வாசிக்கிறதுதானே, காலு இன்னா பண்ணும்?” என்றார். பெண் சாக்கு சொல்கிறாள் என்று நினைத்திருப்பார். நான்கு வருடம் கழித்து இறக்கும்வரை அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை, எடுக்காமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய அடி.

இடம் பெரிய மிஸ்ஸுக்குப் போனது. ஒரு வருடத்துக்குப் போனவர் பதினேழு வருடம் அங்கேயே இருந்துவிட்டார். நான் அந்தப் பள்ளியில் மேலும் ஐந்து மாதம் இருந்தேன். பிள்ளைகளின் பெற்றோர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திவிட்டு அனுதாபப்பட ஆரம்பித்தபோது விலகினேன். அதன்பிறகு வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், கல்யாணங்களில் கோயிலில் வாசித்தேன். கோபம் ஆறும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. நான் அதை ஆறவிடவும் இல்லை. காலையில் பல் தேய்க்கும்போது சில நாள் அந்த ஒன்பது பார்களையும் மனதில் வாசித்துப் பார்ப்பேன், பத்தாவதில் வாய் கொப்பளிப்பேன். என் கணவர் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் லேப் வேலை செய்பவர். இது சிறிய விஷயம், விட்டுவிடு என்று கல்யாணமான புதிதில் சொன்னார். ஒரு மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை. பிறகு அவர் சொன்னதில்லை.

சென்ற வருடம் சென்னையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ஆவணப்படம் எடுப்பவள், முப்பது வயது இருக்கும். பியானோ கலைஞர்கள் சேர்ந்து ஒத்திகை பார்ப்பதையும் வாசிப்பதையும் பற்றிப் படம் எடுக்கிறாளாம். பழைய பள்ளியின் சுவரில் நாங்கள் இருவரும் ஒரே பியானோவின்மேல் குனிந்திருக்கும் போட்டோவைப் பார்த்திருக்கிறாள். பெரிய மிஸ் ஊருக்குத் திரும்பிவிட்டார், அவர் சம்மதித்துவிட்டார், நீங்களும் வந்தால் இருவரும் அதே படைப்பை மறுபடி வாசிப்பதை முதல் ஒத்திகையிலிருந்து கடைசி நாள்வரை எடுக்கலாம் என்றாள். இரண்டு தோழிகளின் கதை என்றாள். தாராளமா எடும்மா, ஆனா நாலு கை வாசிக்கிறதுல பாதி வேலை காலுலதான் இருக்கு, ஒரு கேமராவை அடியில பெடல் பக்கமா வெச்சே ஆவணும் என்றேன். இதுவரைக்கும் யாருமே இதைச் சொல்லலியே அக்கா என்று அவள் சந்தோஷப்பட்டாள். எனக்கு அப்போது இருந்த திட்டம் ஒன்றுதான். அவர் கீழ் பக்கம் உட்கார்ந்து பெடலை மிதிப்பார், கேமரா அதைப் பார்க்கும், பெடல் யாருடையது என்று ஊருக்குத் தெரியும், அப்போது நான் கேட்கவேண்டியதைக் கேட்பேன்.

அந்த மஞ்சள் வீட்டில் மூன்று வாரம் காலை வேளைகளில் ஒத்திகை. பெரிய மிஸ்ஸுக்கு அறுபத்து நான்கு வயது ஆகியிருந்தது. முடியை ஆண்பிள்ளை போல வெட்டியிருந்தார், வலது முழங்காலில் பட்டை. என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அதே ஓ தெ கொலோன். முதல் நாளே, “அலோர்,” என்று பிரெஞ்சில் ஆரம்பித்து, “என் முட்டி இப்ப பெடலுக்கு ஒத்துழைக்க மாட்டேங்குது. நீ கீழ உக்காரு, நான் மேல வாசிக்கறேன்,” என்றார். என் திட்டம் அத்தோடு போயிற்று. அதே சமயம் அவருடைய மெட்டு என் காலடிக்கு வந்தது. அந்த நிமிடத்தில் எனக்கு ஒரு கெட்ட எண்ணமும் வரவில்லை என்று எழுத ஆசைதான். வந்தது, ஆனால் அதை ஒதுக்கி வைத்தேன். இது சத்தியம்.

வாசிக்கத் தொடங்கினால் உடம்புக்குப் பழைய பழக்கம் இரண்டே நாளில் திரும்பியது. அவர் மூச்சு இழுத்தால் என் கைகள் இறங்கின. அவர் ஒரு நூலிழை தாமதித்தால் நானும் தாமதித்தேன். இதை அந்தப் பெண் கேமராவுக்குப் பின்னால் நின்று ஆகா என்று பார்த்தாள். எனக்கு என் கைகள்மேலேயே எரிச்சல் வந்தது. இவ்வளவு நடந்தும் அவை அந்த மனிதரோடு கொஞ்சிக் குலாவின. ஒத்திகை முழுக்க நான் பெடலை ஒழுங்காகவே மிதித்தேன். அந்த இடத்தில் ஒவ்வொரு பாரிலும் வெறுங்கால் மேலே வந்து இறங்கியது. அடியில் இருந்த சின்னக் கேமராவின் சிவப்புப் புள்ளி என் கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டிருக்கும்.

கடைசி ஒத்திகையன்று அந்தப் பெண் எங்கள் இருவரையும் பெஞ்சிலேயே உட்காரவைத்துப் பேட்டி எடுத்தாள். பழைய கச்சேரி எப்படி இருந்தது என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பெரிய மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். “இவ எனக்குத் தங்கச்சி மாதிரி. பாவம், அன்னைக்கு மேடையில கொஞ்சம் பதட்டமாயிட்டா. சின்ன வயசு இல்லியா,” என்றார். கேமராவைப் பார்த்துச் சிரித்தார். பதினெட்டு வருடத்துக்கு முன் முசியே காதுக்கும் அப்பா காதுக்கும் போன பொய், இனிமேல் படமாகி, நான் செத்தபிறகும் ஓடிக்கொண்டிருக்கப்போகிறது. என் கை அவர் கைக்குள்தான் இருந்தது. உருவிக்கொள்ளவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் தங்கச்சிக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை என்று அவர் அதையும் சிரித்தே முடித்திருப்பார். வாயால் சொல்வதை ஒருமுறை செய்து பார்த்தாயிற்று. ஆமாம், பதட்டம்தான் என்று நானும் சிரித்தேன். ஒதுக்கி வைத்த எண்ணத்தை எடுத்துக்கொண்டேன்.

கச்சேரி அதே அரங்கில். முதல் பகுதியைச் சுத்தமாக வாசித்தோம். இரண்டாம் பகுதியில் அந்த இடம் வந்தது. நான் பெடலை மிதித்தேன், எடுக்கவில்லை. முதல் பார், இரண்டாம் பார். ஒலி கலங்கத் தொடங்கியது. பித்தளைப் பெடல் உள்ளங்காலில் சூடாகிக்கொண்டே வந்தது. கேமராவை மறந்துவிட்டேன் என்று பிறகு அந்தப் பெண்ணிடம் சொன்னேன். பொய். சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டேதான் மிதித்தேன். மூன்றாம் பாரில் அவர் என் பக்கம் திரும்பினார். அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்க்கத்தானே இத்தனை வருடம் காத்திருந்தேன், நான் இசைத்தாளைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தேன். கீழ் சுரங்களை நன்றாக அழுத்தினேன். ஒன்பது பார் ஆனது. அவர் பிடித்தது ஒன்பது. பத்தும் பதினொன்றும் அப்பாவுக்காகப் பிடித்தேன்.

ஆனால் அவர் தடுமாறவில்லை. நான்காம் பாரில் அவர் விரல்கள் லேசாயின. நான் அன்று அழுத்தினேனே, அவர் நேர்மாறாக, கட்டைகளைத் தொட்டும் தொடாமலும், ஒவ்வொரு சுரத்தையும் பிட்டுப்பிட்டு வைத்தார். வேகத்தைக் குறைத்தார், பழைய ஒலி அடங்கும்வரை காத்திருந்து அதன்மேல் அடுத்ததை வைத்தார். அவர் வேகம் குறைந்ததும் என் கைகள் என்னைக் கேட்காமல் அவரோடு சேர்ந்து குறைந்தன, அழுத்தமும் போனது. என் கால் அவரைக் கெடுத்தது, என் கைகள் அவரைக் காப்பாற்றின. கலங்கலுக்கு நடுவில் அந்த மெட்டு தனியாக, தெளிவாக எழுந்து நின்றது. அரங்கில் ஒருவரும் இருமவில்லை. முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த இடம் கடலுக்கு அடியிலிருந்து கேட்பது போல இருந்தது என்று ஒரு டாக்டர் என்னிடமே வந்து சொன்னார். பெரிய மிஸ் மேடைக்குப் பின்னால் தண்ணீர் குடித்தார், முழங்கால் பட்டையைத் தளர்த்திக்கொண்டார், ஆட்டோ வந்ததும் போய்விட்டார். நான் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். அன்று என்னால் மட்டும் ஏன் அப்படி வாசித்துத் தப்பிக்க முடியவில்லை என்ற கேள்வி அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அந்தப் பெண் எங்கள் இருவரையும் மஞ்சள் வீட்டில் உட்காரவைத்துப் படத்தைப் போட்டுக் காட்டினாள். நாங்கள் பார்ப்பதையும் எடுக்கப்போவதாகச் சொல்லி எதிரே ஒரு கேமராவை ஓடவிட்டிருந்தாள். இருவர் முன்னாலும் சம்மதப் பத்திரம் இருந்தது. பார்த்து முடித்துக் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் போடாவிட்டாலும் படம் வெளியே போகாது. அந்த இடம் வந்ததும் அவள் திரையை இரண்டாகப் பிரித்திருந்தாள். ஒரு பாதியில் பெரிய மிஸ்ஸின் கைகள், மறு பாதியில் என் வெறுங்கால். கால் பதினொரு பாருக்கு அசையவில்லை. குழந்தைக்குக்கூடப் புரியும். படத்தை நிறுத்திவிட்டு அந்தப் பெண் தயங்கினாள். ஒத்திகையில் ஒவ்வொரு பாருக்கும் காலை எடுத்தீங்க அக்கா, கச்சேரியில மட்டும் எடுக்கல, தப்பு நடந்துடுச்சா, வேணும்னா கால் வர்றதை எடுத்துடறேன் என்றாள். கேமராவை மறந்துவிட்டேன் என்ற பொய்யைச் சொன்னது அப்போதுதான்.

பெரிய மிஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரிந்தது. நாற்பது வருடம் பிள்ளைகளுக்குத் தாளம் எண்ணிக்கொடுத்தவருக்கு ஒரு பார் கூடினாலும் குறைந்தாலும் பொறுக்காது.

“பதினொன்னு,” என்றார். “நான் ஒம்பதுதான் புடிச்சேன்.”

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்குப் புரிந்தது. அந்தப் பெண்ணுக்கு இன்னும் புரியவில்லை. எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். எதிரே கேமரா ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவரை அங்கேயே கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்திருப்பேன்.

“இப்ப இவங்க சொன்னதையும் சேத்துக்கோ. காலையும் எடுக்காத,” என்றேன் அந்தப் பெண்ணிடம். பிறகு பதினெட்டு வருடத்துக்கு முன் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பெரிய மிஸ் மறுக்கவில்லை. நான் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அதுல உன் காலும்தான் தெரியும். ஊரு உன்னையும்தான் காறித் துப்பும்,” என்றார்.

“துப்பட்டும், மிஸ்,” என்றேன். என் கால் செய்ததை எல்லோரும் பார்த்தால்தான் அவர் கால் செய்ததை நம்புவார்கள். எனக்கு வேறு சாட்சி கிடையாது. பேனாவை எடுத்து என் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அவர் போடமாட்டார் என்றுதான் நினைத்தேன். போடாமல் இருந்தால் எல்லாம் அந்த அறையோடு முடிந்திருக்கும். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த இடத்தை இன்னொரு முறை போடச் சொன்னார். இந்த முறை என் கால் இருந்த பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. தன் கைகளை மட்டும் பார்த்தார், தலையை லேசாகச் சாய்த்து, தானும் வாசிப்பது போல மடியில் விரலை அசைத்துக்கொண்டு. முடிந்ததும் பேனாவுக்குக் கை நீட்டினார். பாரிசிலும் சரி, இங்கேயும் சரி, தன் வாழ்நாளில் அவர் அந்தப் பதினொரு பாரைப் போல வாசித்ததில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவரை அப்படி வாசிக்கவைத்தது என் கால். அதை நினைத்தால் எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது.